கண்ணுக்குத் தெரியாத கயிறு

டிசம்பர் மாதத்தில் ஒரு வெள்ளைவால் ஆண்மானைப் பார்த்தால், 'ஐயோ பாவம்' என்றுதான் சொல்வீர்கள்.

இடம், அமெரிக்காவின் வடக்குப் பகுதி. மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டா மாதிரி மாநிலங்கள். காடு முழுக்கப் பனி. அறுவடை முடிந்த சோள வயலின் ஓரமாக மெதுவாக நடந்து வருகிறது மான். இரண்டு மாசத்துக்கு முன்னால் இதே ஆசாமி கழுத்து புடைத்து, தோல் மினுங்க, பயில்வான் மாதிரி இருந்தார். இப்போது இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. தோளில் ஆறாத குத்துக் காயம். கொம்பில் ஒரு கிளை முறிந்து போயிருக்கிறது. 90 கிலோ இருந்த உடம்பில் 20 கிலோவைக் காணோம்.

வயலில் சிந்திக் கிடக்கும் சோளத்தைத் தின்றால் பிழைத்துக்கொள்ளலாம். குளிர்காலம் இன்னும் மூன்று மாசம் பாக்கி இருக்கிறது. தின்கிறது. நாலு வாய் தின்றதும் தலையைத் தூக்குகிறது. காற்றில் ஏதோ வாசனை. அவ்வளவுதான், சோளத்தை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறது.

எங்கே? எதற்கு? அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

மான்களுக்கு முகூர்த்தம் குறித்துக் கொடுக்க ஜோசியர் கிடையாது. சூரியன்தான் காலண்டர். கோடை முடிந்து பகல் பொழுது குறையக் குறைய, அந்த வெளிச்சக் கணக்கைக் கண் வழியாக மூளை வாங்கிக்கொண்டு ஹார்மோன்களை முடுக்கிவிடுகிறது. அக்டோபரில் ஆண்மான் மரங்களில் கொம்பைத் தேய்க்க ஆரம்பிக்கும். தரையைக் குளம்பால் கீறி, அதில் சிறுநீர் விட்டு, 'நான் இங்கேதான் இருக்கேன்' என்று போர்டு மாட்டும். நவம்பர் பாதியில் எல்லாம் உச்சத்துக்குப் போகும். ஒரு பெண்மான் பருவத்தில் இருப்பது ஒரு நாள், மிஞ்சிப் போனால் இரண்டு நாள். அந்த ஒரு நாளுக்காகத்தான் இத்தனை ஓட்டமும்.

இந்தச் சமயத்தில் ஆண்மான் சரியாகச் சாப்பிடாது. ஒரு இடத்தில் படுக்காது. இரண்டு ஆண்கள் மோதி, கொம்போடு கொம்பு பின்னிக்கொண்டு, பிரிக்க முடியாமல் இரண்டுமே செத்துப்போவதும் உண்டு. சருகு அசைந்தாலே நாலு கால் பாய்ச்சலில் மறைகிற ஜீவன், பட்டப்பகலில் நெடுஞ்சாலையின் குறுக்கே ஓடும். அமெரிக்காவில் கார் மீது மான் மோதும் விபத்து எந்த மாசத்தில் அதிகம் என்று அங்கே உள்ள இன்ஷூரன்ஸ்காரர்களைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார்கள், நவம்பர்.

நவம்பரோடு முடிந்தால் பரவாயில்லை. முடிவதில்லை.

நவம்பரில் கருத்தரிக்காத பெண்மான், ஏறக்குறைய 28 நாள் கழித்து மறுபடி பருவத்துக்கு வருகிறது. அது போக, அந்த வருஷம் பிறந்த பெண் குட்டிகளில் நன்றாகத் தின்று 30, 35 கிலோவைத் தொட்டவை, டிசம்பரில் முதல் முறையாகப் பருவமடைகின்றன. இதைத்தான் அங்கே 'செகண்ட் ரட்' என்கிறார்கள். இணைசேர்வதில் இரண்டாவது சுற்று. (தெற்கே அலபாமா மாதிரி மாநிலங்களில் பல இடங்களில் முதல் சுற்றே ஜனவரியில்தான். அங்கே குளிர் இவ்வளவு கொடுமை கிடையாது.)

இந்த இரண்டாவது சுற்றைப் பொறுமையாகக் கவனித்தவர்களுக்குத் தெரியும், இதில் நவம்பர் ஆர்ப்பாட்டம் எதுவும் இருக்காது. துரத்தல் குறைவு. சண்டை அதைவிடக் குறைவு. சாயங்கால வேளையில் பெண்மான்கள் கூட்டமாக மேயும் இடத்துக்கு ஆண்மான் வந்து சேரும். ஒவ்வொன்றின் பின்னாலும் போய் முகரும். மேலுதட்டைச் சுருட்டி வாசனையைச் சோதிக்கும். இல்லையா? சரி என்று மறுபடி தீனியில் வாய் வைக்கும். ஐந்து நிமிஷம் கழித்து இன்னொன்றின் பின்னால் போகும். பசி ஒரு பக்கம் இழுக்கிறது, வேட்கை ஒரு பக்கம் இழுக்கிறது. நடுவில் எலும்பும் தோலுமாக ஒரு மான்.

சரி, ஜெயித்தால்தான் என்ன? கர்ப்ப காலம் சுமார் 200 நாள். டிசம்பர் நடுவில் சேர்ந்தால் ஜூலையில் குட்டி. மற்ற குட்டிகளைவிட ஒரு மாசம் சின்னதாக அது அடுத்த குளிர்காலத்தைச் சந்திக்கவேண்டும். தகப்பனோ, இந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவதே சந்தேகம். உருப்படியான வியாபாரி யாரும் இப்படி ஒரு கணக்கில் முதல் போடமாட்டான். ஆனால், மான் கணக்குப் போடுவதில்லை.

கணக்குப் போடுகிற ஒருவர் அங்கே இருக்கிறார். மரத்தின் மேல்.

இருபது அடி உயரத்தில் மரத்தோடு சேர்த்துக் கட்டிய ஒரு சின்ன இருக்கை. அதில் உட்கார்ந்திருப்பவர் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் மரத்தையே தேர்ந்தெடுத்திருக்கிறார். எந்த வயலில் பெண்மான்கள் மேய்கின்றன, ஆண்மான் எந்த வழியாக வரும், எல்லாம் அத்துப்படி. பையில் ஒரு குழல் இருக்கிறது. ஊதினால் ஆண்மானின் உறுமல் கேட்கும். ஒரு டப்பா இருக்கிறது. கவிழ்த்தால் பெண்மான் கூப்பிடுகிற மாதிரியே குரல் வரும். இரண்டு பழைய கொம்புகளைத் தட்டினால், எங்கோ சண்டை நடக்கிறது போலிருக்கும். கடைசியாக ஒரு சின்ன பாட்டில். உள்ளே பருவத்தில் இருக்கும் பெண்மானின் சிறுநீர். லேபிள் ஒட்டி, விலை போட்டுக் கடையில் விற்கிறார்கள். வர்ஜீனியா மாநிலம் 2015-ல் இதற்குத் தடை போட்டது. மானுக்கு இரக்கப்பட்டு அல்ல, இதன் மூலம் மான்களிடையே கொள்ளைநோய் பரவலாம் என்ற பயத்தில்.

அமெரிக்கர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. வேட்டைக்காகப் பழக்கிக் கட்டிவைக்கும் விலங்குக்குப் பழந்தமிழில் 'பார்வை' என்று தனியாக ஒரு பெயரே இருக்கிறது. அந்தக் காலத்து வேடர் வீட்டு வாசலிலும் பார்வை மான் கட்டியிருந்தது. இனத்தைக் காட்டி இனத்தைப் பிடிப்பது உலகம் பூராவும் உள்ள வித்தை.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. வேட்கையில் புத்தி மழுங்கி நிற்கிற நேரம் பார்த்து ஒரு உயிரை அடிப்பது நியாயமா?

இந்தக் கேள்வியைப் பத்து பேரிடம் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். "கொல்றதே பாவம். அதுல நேரம் காலம் என்ன வேண்டிக்கிடக்கு?" என்பார்கள் சிலர். "சாகப்போற மானுக்கு எந்த நேரமா இருந்தா என்ன சார்?" என்பார்கள் மற்றவர்கள். எதிரெதிர்க் கட்சி மாதிரி தோன்றும். ஆனால், நேரம் ஒரு பொருட்டே இல்லை என்பதில் இரண்டு பேரும் ஒரே கட்சி.

மகாபாரதம் இந்த இரண்டு பேரோடும் சேரவில்லை.

பாண்டு வேட்டைக்குப் போன கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். காட்டில் ஜோடியாகக் கூடியிருந்த மான்களைப் பார்த்து அம்பு விடுகிறான். அடிபட்டு விழுந்த ஆண்மான் மனுஷக் குரலில் பேசுகிறது. மான் உருவம் எடுத்து மனைவியோடு இருந்த கிந்தம முனிவர் அது. பாண்டு லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. மானை வேட்டையாடுவது அரசர்களுக்கு உரிய தர்மம், அகத்தியரே வேட்டையாடியிருக்கிறாரே என்று வாதாடுகிறான். நல்ல வாதம்தான். முனிவர் அதை மறுக்கவுமில்லை. மானைக் கொன்றதற்காக உன்னைக் குறை சொல்லவில்லை, கூடி முடிக்கும் வரை நீ காத்திருந்திருக்க வேண்டும் என்கிறார். அதற்குத்தான் சாபம். ஆசையோடு மனைவியைத் தொடும் நேரத்தில் உனக்கும் சாவு வரும் என்று. வந்தது.

கவனியுங்கள். உயிர் போகிற நேரத்தில் அவர் கேட்பது உயிரை அல்ல, கொஞ்ச நேரத்தை.

இது நம்ம ஊர்ப் புராண சமாசாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. துப்பாக்கிக்காரர்களின் தேசத்திலும் இதே கேள்வி எழுந்தது. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட் பெரிய வேட்டைக்காரர். அவர் முன்னின்று 1887-ல் ஆரம்பித்த பூன் அண்ட் க்ராக்கெட் கிளப், 'ஃபேர் சேஸ்' என்று ஒரு கொள்கையைப் பரப்பியது. நியாயமான வேட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். விலங்குக்குத் தப்பிக்க ஒரு வாய்ப்பு இருக்கவேண்டும், வேட்டைக்காரர் முறையற்ற அனுகூலம் எடுத்துக்கொள்ளக் கூடாது. சாரம் இவ்வளவுதான்.

1902 நவம்பரில் ரூஸ்வெல்ட் மிசிசிப்பிக்குக் கரடி வேட்டைக்குப் போனார். அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஜனாதிபதி வெறுங்கையோடு திரும்பலாமா? கூட வந்தவர்கள் ஒரு கரடியை மடக்கி, மரத்தில் கட்டிவைத்துவிட்டு, "வந்து சுடுங்கள்" என்று கூப்பிட்டார்கள். சுடமாட்டேன் என்றுவிட்டார். அது கார்ட்டூனாக வந்து, ஒரு மிட்டாய்க் கடைக்காரருக்கு யோசனை தோன்றி, உங்கள் வீட்டுக் குழந்தை கட்டிக்கொண்டு தூங்குகிற 'டெடி' பொம்மை பிறந்தது. கதையின் மிச்சத்தை பொம்மைக் கடையில் சொல்வதில்லை. குற்றுயிராகக் கிடந்த அந்தக் கரடியைக் கத்தியால் குத்தி முடித்துவிடச் சொன்னவரும் ரூஸ்வெல்ட்தான். வேதனையில் துடிக்கவிட வேண்டாமே என்று.

எப்படியும் அந்தக் கரடி செத்தது. ஆனாலும், கட்டிப்போட்டதைச் சுடுவது அசிங்கம் என்று ஒரு நாடே ஒப்புக்கொண்டது. ஏன்? கயிறு கண்ணுக்குத் தெரிந்தது.

டிசம்பர் மானின் கழுத்திலும் ஒரு கயிறு இருக்கிறது. ஹார்மோன் திரித்த கயிறு. பசி திரித்த இன்னொரு கயிறு. தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வேட்டைக்காரர்கள் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். 1900 வாக்கில் அமெரிக்காவில் வெள்ளைவால் மான்கள் ஐந்து லட்சம் கூட இல்லை. கறிக்கும் தோலுக்கும் கொன்று தீர்த்திருந்தார்கள். இன்றைக்கு ஏறக்குறைய மூன்று கோடி. அவற்றைக் காப்பாற்றிய பணத்தில் பெரும்பகுதி வேட்டை லைசென்ஸ் கட்டணமும், 1937-ல் வந்த சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மேல் போட்ட வரியும்தான். மான் பெருத்துப்போனால் இளங்கன்று ஒன்றைக்கூட வளரவிடாமல் காட்டையே மொட்டையடித்துவிடும். பிறகு பட்டினியில் கொத்துக் கொத்தாகச் சாகும். ஆகவே, எண்ணிக்கையைக் குறைக்கத்தான் வேண்டும் என்கிறார்கள். நியாயமான பேச்சு.

ஆனால், எண்ணிக்கையைத் தீர்மானிப்பது பெண்மான்கள். ஒரு ஆண்மான் போனால் இன்னொன்று அந்த வேலையைப் பார்த்துவிடும். அதனால்தான் மான் கூட்டம் குறையவேண்டிய இடங்களில், 'பெண்மானைச் சுடுங்கள்' என்று வனவிலங்கு அதிகாரிகள் கெஞ்சுகிறார்கள். அந்தக் குழலும் பாட்டிலுமோ, கொம்பு வைத்த ஆண்மானை வரவழைக்கத்தான். காட்டின் பெயரைச் சொல்லிவிட்டுச் சுவரில் மாட்டும் கொம்புக்காகக் காத்திருந்தால், அந்த நியாயம் எப்படிப் பொருந்தும்?

"ஓநாய் மட்டும் நேரம் பார்க்காமலா அடிக்குது?" என்று நீங்கள் கேட்கலாம். பார்த்துத்தான் அடிக்கிறது. களைத்துப்போன ஆண்மான்தான் அதற்கும் சுலபமான இரை. ஆனால், ஓநாய்க்கு வேறு வழி கிடையாது. தவிர, எந்த ஓநாயும் பெண்மான் வாசனையை பாட்டிலில் அடைத்து எடுத்து வருவதில்லை.

சரி, மானும் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது, நமக்கெதற்கு இந்த வம்பு என்கிறீர்களா? இருக்கிறது.

காமர்ஸ் படித்தவர்களுக்கு ஒப்பந்தச் சட்டம் நினைவிருக்கும். 1872-ல் எழுதியது. அதன் 16-வது பிரிவு, ஒருவருடைய சம்மதத்தைத் தகாத செல்வாக்கால் வாங்குவது பற்றியது. வயசாலோ வியாதியாலோ மனக்கஷ்டத்தாலோ தடுமாறி நிற்பவரிடம் வாங்கும் கையெழுத்தும் அதில் அடங்கும். இரண்டு உதாரணங்களை அதில் அடுத்தடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். கிராமத்தில் வட்டிக்கு விடுபவரிடம் ஏற்கெனவே கடன்பட்டவன், அவரிடமே மறுபடியும் அநியாய நிபந்தனைக்குக் கடன் வாங்குகிறான். இதில் தகாத செல்வாக்கு இல்லை என்று நிரூபிப்பது கடன் கொடுத்தவர் பொறுப்பு. அடுத்தது, பணமுடை நிலவுகிற சமயத்தில் ஒரு பேங்கர் வழக்கத்தைவிட அதிக வட்டி கேட்கிறார், வந்தவர் ஒப்புக்கொள்கிறார். இது சாதாரண வியாபாரம், தப்பில்லை.

பணத் தேவை இரண்டு பேருக்கும்தான். ஒன்று சந்தேகத்துக்குரியது, மற்றது வியாபாரம் என்றால் என்ன அர்த்தம்? பேங்கர் யாரையும் கட்டிவைக்கவில்லை. ஊருக்கே பணமுடை, வந்தவர் இன்னொரு பேங்குக்குப் போகலாம். வட்டிக்காரர் கையிலோ கயிற்றின் மறுமுனை இருக்கிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எழுதிய சட்டம் கண்ணுக்குத் தெரியாத கயிற்றைப் பார்த்திருக்கிறது.

நாம் பார்க்கிறோமா? நடுராத்திரி ஆஸ்பத்திரி வாசலில், இறந்தவரை ஊருக்கு எடுத்துப்போக வண்டி தேடி நிற்பவரிடம் சொல்கிற ரேட்டை எண்ணிப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் சில இடங்களில் பால் பாக்கெட் பல மடங்கு விலைக்குப் போனது. வாங்கியவர்கள் யாரும் பேரம் பேசவில்லை. இதையெல்லாம் "அவரேதானே ஒத்துக்கிட்டாரு?" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். டிசம்பர் மானும் அதுவேதான் நடந்து வருகிறது. யாரும் பிடித்து இழுத்து வரவில்லை.

இதற்கும் ஒரு படி கீழே இருக்கிறது, பாட்டில் வைத்துக் கூப்பிடுகிற ரகம். அங்கே கயிற்றைப் பார்த்துப் பிடிப்பதோடு விடுவதில்லை, கயிற்றையே தயார் செய்கிறார்கள். மாசக் கடைசியில் உங்கள் செல்போனுக்கு வருகிற 'ஐந்தே நிமிஷத்தில் கடன்' அழைப்பும், வேலைக்கு ஏங்கும் பையனுக்கு வருகிற 'வெளிநாட்டில் லட்ச ரூபாய் சம்பளம்' போனும் அந்தக் குழலின் உறவுக்காரர்கள். ஏக்கத்தின் குரலை அச்சு அசலாக ஊதத் தெரிந்தவர்கள்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம். டிஜிட்டல் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022-ல் விதிமுறைகள் கொண்டுவந்தபோது, கடன் வாங்கியவர் மனசு மாறினால் அசலையும் அத்தனை நாளைக்கு உண்டான செலவையும் மட்டும் கட்டிவிட்டு, அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ளக் கொஞ்சம் அவகாசம் தரவேண்டும் என்றது. கடனே கொடுக்காதே என்று சொல்லவில்லை. முனிவர் கேட்ட அதே கொஞ்ச நேரம்தான்.

அந்த நேரத்தைக் கொடுத்தால் நஷ்டமாகிவிடுமோ என்றுதான் பயப்படுகிறோம். மான் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. டிசம்பரில் எந்தக் கொம்புக்காக மரத்தில் ஏறிக் காத்திருக்கிறார்களோ, அந்தக் கொம்பு ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் தானாகவே விழுந்துவிடும். வருஷா வருஷம் விழுந்து, வருஷா வருஷம் முளைப்பது மானின் கொம்பு. பனி உருகும்போது அதைப் பொறுக்குவதற்கென்றே நாயைக் கூட்டிக்கொண்டு, குடும்பத்தோடு காட்டுக்குள் போகிறவர்கள் அங்கே ஏராளம். சுவரில் மாட்ட அவர்களுக்கும் கொம்பு கிடைக்கிறது. அதைச் சுமந்த மான் பிழைத்திருந்தால், எங்கோ புது இலை தின்றுகொண்டிருக்கும்.

அடுத்த தடவை நீங்கள் இடம் வாங்கப் போகலாம். ஆள் சேர்க்கலாம். சம்பளம் பேசலாம். கல்யாணமே கூடப் பேசலாம். எதிரே இருப்பவர் நீங்கள் கேட்டதற்கெல்லாம் சட்டென்று தலையாட்டினால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் ஒரு தரம் அவர் கழுத்தைப் பாருங்கள். மகள் ஆஸ்பத்திரியில் இருக்கலாம். மூன்று மாசமாக வேலை இல்லாமல் இருக்கலாம். வயசு தாண்டுகிறதே என்ற கவலை இருக்கலாம். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் பேரத்தை விடவேண்டியதில்லை. "அவசரமில்லைங்க, வீட்டில் கலந்துக்கிட்டு நாளைக்கு வாங்க" என்று சொல்லிப் பாருங்கள்.

நாளைக்கு அவர் வராமலும் போகலாம். அதுவும் அவர் உரிமைதானே?